வேலில் கட்டிய வேம்பு

அரசகுமாரர்களின் காதல் கதைகளுக்கு நம்மிடையே நல்ல பெயர் இல்லை. சிறுவர் இதழ்களில் தொடங்கி வார இதழ்களின் சரித்திரத் தொடர்கள் வரை இளவரசர்களை வேண்டிய மட்டும் பார்த்துவிட்ட தமிழ் வாசகன், தீவிர இலக்கியத்தின் பக்கம் வந்தபின் அவர்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த இளவரசன் இங்கிலாந்துக்காரன், அவன் காதலிப்பது இன்னோர் ஆணை, கதை எழுதப்பட்டிருப்பது இருபது வயதை ஒட்டிய இளைஞர்களுக்காக என்று சொன்னால், புத்தகத்தைக் கையில் எடுப்பவர்கள் இன்னும் குறைவார்கள். கேஸி மெக்விஸ்டன் எழுதி 2019 மே மாதம் வெளிவந்த 'ரெட், ஒயிட் அண்ட் ராயல் ப்ளூ' அப்படிப்பட்ட நாவல். என் தம்பி மகள் கொடுத்தாள். "பெரியப்பா, படித்துவிட்டுத் திட்டுங்கள். படிக்காமல் திட்டாதீர்கள்" என்பது அவள் விதித்த நிபந்தனை. படித்தேன். திட்டுவதற்கும் சில இடங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் சொல்ல வேண்டியவை வேறு இருக்கின்றன.

கதை எளிமையானது. அலெக்ஸ், அமெரிக்க அதிபரின் மகன். அதிபர் ஒரு பெண், டெக்சாஸ்காரர். தந்தை வழியில் அலெக்ஸ் மெக்சிகோ வம்சாவளி. ஹென்றி, இங்கிலாந்து அரசியின் பேரன். இருவருக்கும் ஒருவரையொருவர் கண்டால் ஆகாது. ஹென்றியின் அண்ணன் திருமண வரவேற்பில் இருவரும் வாய்ச்சண்டையில் இறங்கி, ஆளுயரத் திருமண கேக்கோடு சேர்ந்து கீழே விழுகிறார்கள். இரண்டு அரசுகளின் மானத்தைக் காப்பாற்ற, நெருங்கிய நண்பர்களாக நடிக்கும்படி இருவருக்கும் உத்தரவாகிறது. நடிப்பு நட்பாகிறது, நட்பு காதலாகிறது. கடலுக்கு இருபுறமும் இருந்துகொண்டு இரவெல்லாம் மின்னஞ்சல் எழுதிக்கொள்கிறார்கள். 2020 தேர்தல் நெருங்கும்போது அதிபரின் எதிர்த்தரப்பு அந்த மின்னஞ்சல்களைத் திருடி வெளியிடுகிறது. உலகமே வாசிக்கிறது. பிறகு எல்லாம் நன்றாக முடிகிறது.

மெக்விஸ்டன் அமெரிக்காவின் லூயிசியானாவில் வளர்ந்தவர். ஆண், பெண் என்ற இரண்டு பெயர்களுக்குள்ளும் தன்னை அடைத்துக்கொள்ளாதவர். அவரைக் குறிக்க ஆங்கிலம் பன்மைச் சுட்டைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. நமக்கு 'அவர்' என்ற சொல் முன்பே இருக்கிறது. 2016இன் தொடக்கத்தில் கருக்கொண்ட இந்த நாவலை அந்த ஆண்டின் தேர்தல் முடிவுக்குப் பின் ஏறக்குறையக் கைவிட்டதாகவும், பிறகு, தான் வாழ விரும்பிய ஒரு மாற்று அமெரிக்காவாக அதை எழுதி முடித்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார். 2019இல் குட்ரீட்ஸ் தளத்தின் வாசகர் வாக்கெடுப்பில் சிறந்த காதல் நாவல், சிறந்த முதல் நாவல் என்ற இரண்டு விருதுகளும் இதற்கே கிடைத்தன. 2023 ஆகஸ்டில் திரைப்படமாகவும் வந்தது.

இது தனித்த ஒரு முயற்சியும் இல்லை. மலிண்டா லோவின் 'ஆஷ்' 2009இலேயே சிண்ட்ரெல்லாவை இளவரசனிடமிருந்து விடுவித்து அரசனின் வேட்டைக்காரியைக் காதலிக்க வைத்துவிட்டது. ஜென் வாங்கின் 'தி பிரின்ஸ் அண்ட் தி டிரெஸ்மேக்கர்' 2018இல் ரகசியமாகப் பெண்ணுடை அணியும் இளவரசனைச் சித்திரக் கதையாக்கியது. ரேச்சல் ஹாக்கின்ஸின் 'ஹர் ராயல் ஹைனஸ்' 2019இல் ஒரு ஸ்காட்லாந்து இளவரசியையும் அவளுடைய அமெரிக்க அறைத்தோழியையும் சேர்த்து வைத்தது. வாசித்துக்கொண்டே போகையில் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. தன்பாலீர்ப்பைப் பற்றி எழுத வரும் இளம் எழுத்தாளர்கள் ஏன் திரும்பத் திரும்ப அரண்மனைக்குள் போகிறார்கள்? பளபளப்புக்காக மட்டும்தானா?

அரண்மனையில் திருமணம் அரசாங்கக் காரியம். இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னருடைய தம்பி ஒருவர் 1771இல் ஒரு விதவையைக் கமுக்கமாக மணந்துகொண்டார். மன்னர் கொதித்துப்போனார். மறு ஆண்டே சட்டம் வந்தது. அரச வம்சத்தில் யார் யாரை மணப்பதானாலும் மன்னரின் இசைவு வேண்டும் என்ற அந்த 1772ஆம் ஆண்டுச் சட்டம் இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடைமுறையில் இருந்தது. அதற்குப் பதிலாக 2013இல் இயற்றப்பட்டு 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சட்டமும், அரியணை வரிசையில் முதல் ஆறு பேருக்கு இசைவு தேவை என்றே சொல்கிறது. நெதர்லாந்தில் 2021 அக்டோபரில், அன்றைய பிரதமர் மார்க் ருட்டே, அரியணை வாரிசு தன் பாலினத்தவரை மணந்தாலும் அரியணையை இழக்க வேண்டியதில்லை என்று நாடாளுமன்றத்துக்கு எழுதினார். ஒரே பாலினத்தவர் திருமணத்தை உலகிலேயே முதன்முதலில், 2001இல், சட்டமாக்கிய நாடு அது. அங்கும் அரச குடும்பத்துக்கு இந்தப் பதில் வர மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. அப்போதும் அவர் ஒரு விஷயத்தைத் திறந்தே விட்டார். அந்தத் திருமணத்தில் வரும் பிள்ளை அரியணை ஏறலாமா என்பதை அந்த நேரம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். காதலில் தொடங்கும் எந்த விவாதமும் அரண்மனையில் கடைசியாகப் பிள்ளையில் வந்து நிற்கிறது.

இதை வாசிக்கும்போது நம் வீடுகள் நினைவுக்கு வராமல் இருக்காது. வம்சம், வாரிசு, கொள்ளி வைக்கப் பிள்ளை என்ற பேச்சுக்கு முடியாட்சி தேவையில்லை. இரண்டு படுக்கையறை கொண்ட வீட்டிலும் அது நடக்கிறது. எல்லாக் குடும்பத்திலும் சிறிய எழுத்தில் எழுதப்பட்டிருப்பதை அரண்மனை பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறது. இளம் எழுத்தாளர்கள் அங்கே போவதற்கு இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாவலின் மையத்தில் இருக்கும் சிக்கலைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது நெடுநல்வாடை. பத்துப்பாட்டில் ஒன்று, நக்கீரர் பாடியது. வாடைக்காலத்து இரவில் அரண்மனையில் தலைவி பிரிவால் வாடிக் கிடக்கிறாள். தலைவன் பாசறையில் உறங்காமல், புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். பிரிவும் காத்திருப்புமாகப் பார்த்தால் இது அகப்பாட்டு. ஆனால் பாசறைக் காட்சியில் ஒரு வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருக்கிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. அந்த ஓர் அடையாளம் தலைவன் யாரென்று காட்டிவிடுவதால் பாட்டு புறமாகிவிட்டது என்பார் நச்சினார்க்கினியர். அகத்திணையில் ஒருவர் பெயரையும் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. யாரென்று தெரிந்துவிட்டால் அது எல்லோருடைய காதலாகவும் இருக்க முடியாது. இன்னாருடைய செய்தி ஆகிவிடும்.

ஹென்றியின் நிலை இதுதான். அவனுடைய வேலில் எப்போதும் வேம்பு கட்டியிருக்கிறது. அவன் எங்கே போனாலும், யாருக்கு எழுதினாலும், அரச முத்திரை கூடவே போகிறது. அவனுக்கு அகம் என்ற ஒன்று அனுமதிக்கப்படவே இல்லை. இரவு இரண்டு மணி மின்னஞ்சல்களில் மட்டும்தான் அவன் பெயரற்ற தலைவனாக இருக்க முடிகிறது. அவற்றைத் திருடி வெளியிடுகிறவர்கள் அதையும் புறமாக்கிவிடுகிறார்கள். நாவல் இங்கே ஒரு நுட்பமான நிலைப்பாட்டை எடுக்கிறது. தன்னைப் பற்றி உலகுக்குச் சொல்வது வேறு, தன்னைப் பற்றி உலகுக்குச் சொல்லப்படுவது வேறு. இருவரும் இறுதியில் மறைவிலிருந்து வெளியே வந்து நிற்கிறார்கள் என்றாலும், எப்போது, எந்தச் சொற்களில் வருவது என்ற உரிமை அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது ஒரு குற்றம் என்பதை நாவல் மறக்கவில்லை.

அந்த மின்னஞ்சல்களில் ஒரு பழக்கம் உண்டு. பின்குறிப்பாக வரலாற்றில் உண்மையாகவே எழுதப்பட்ட பழைய காதல் கடிதங்களிலிருந்து சில வரிகளை இருவரும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். மைக்கேலாஞ்சலோ தொம்மாசோ கவாலியேரிக்கு எழுதியது, அலெக்சாண்டர் ஹாமில்டன் ஜான் லாரன்சுக்கு எழுதியது, விட்டா சாக்வில்-வெஸ்ட் வர்ஜீனியா வுல்ஃபுக்கு எழுதியது. காதலர்கள் தமக்கென ஒரு முன்னோர் வரிசையைத் திரட்டிக்கொள்கிறார்கள். அரச குடும்பத்தில் பிறந்தவனுக்கு முன்னோர்களுக்கா பஞ்சம்? ஆனால் அவனுக்குத் தேவைப்படுவது இந்த இன்னொரு வம்சாவளி.

இந்தக் கடிதங்களுக்கும் பாடல்களுக்கும் பின்னாளில் என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் நாவலின் கனம் கூடுகிறது. மைக்கேலாஞ்சலோவின் கவிதைகளை 1623இல் அச்சிட்டவர் அவருடைய சகோதரர் வழிப் பேரன். ஓர் ஆணை நோக்கி எழுதப்பட்ட இடங்களைப் பெண்ணை நோக்கி எழுதியதாக மாற்றி அச்சிட்டார். மூல வடிவம் வெளிவரப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹாமில்டன் 1779 ஏப்ரலில் லாரன்சுக்கு எழுதிய கடிதத்தில் சில வரிகள் மையால் அடிக்கப்பட்டிருக்கின்றன. முழுவதையும் வெளியிடக் கூடாது என்ற குறிப்பும் அந்தத் தாளில் இருக்கிறது. தந்தையின் எழுத்துகளைத் தொகுத்த மகனின் கை அது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இரண்டு இடத்திலும் திருத்தியவர்கள் பகைவர்கள் இல்லை. குடும்பத்தார். அன்போடும், குடும்பப் பெயர் மேல் அக்கறையோடும் திருத்தினார்கள்.

தமிழில் ஒருவருக்கு ஒருவர் எழுதும் காதல் கடிதத்தைத் திருத்த வேண்டிய அவசியமே இருக்காது. நான், நீ என்ற சொற்களுக்கு நம் மொழியில் பால் இல்லை. வந்தேன், வந்தாய் என்ற வினைகளுக்கும் இல்லை. 'அவன்', 'அவள்' என்று மூன்றாமவரிடம் பேசத் தொடங்கும்போதுதான் மொழி நம்மைப் பிரிக்கிறது. அன்பை நேருக்கு நேர் சொல்லும்போது தமிழ் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை.

இதை நான் இலக்கணப் புத்தகத்தில் கற்கவில்லை. எனக்கு நாற்பதாண்டுப் பழக்கமுள்ள நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஊர், சாதி, படித்த கல்லூரி, பார்த்த வேலை எதையும் சொல்லப் போவதில்லை. வேம்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இந்தக் கதையைச் சொல்ல முடியும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. விடுதியில் பழகிய இருவர், படிப்பு முடிந்து வேறு வேறு ஊர்களுக்குப் போனபின் இரண்டு ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டார்கள். எல்லாம் நீல நிற இன்லண்ட் தாள்கள். நண்பர் அவற்றை ஒரு டிரங்குப் பெட்டியில், சான்றிதழ்களுக்கு அடியில் வைத்திருந்தார். ஏதோ சான்றிதழைத் தேடிய அண்ணன் பெட்டியைத் திறந்தார். வாசித்தபோது யாரோ ஒரு பெண் எழுதியது என்றுதான் முதலில் நினைத்தாராம். எழுத்தில் வேறு எதுவும் இல்லை. கோபப்படவும் இல்லை, கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தார். தாளைத் திருப்பிய பிறகுதான் அனுப்புநர் முகவரி கண்ணில் பட்டது. உள்ளே அகமாக இருந்தது, பின்பக்கத்து இரண்டு வரிகளில் புறமாகிவிட்டது.

அன்று மாலையே கடிதங்கள் எல்லாம் வெந்நீர் அடுப்புக்குள் போயின. வீட்டில் யாரும் அடிக்கவில்லை, உரக்கப் பேசவுமில்லை. அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டார். அம்மா சாப்பிட மறுத்தார். மூன்றாம் மாதம் திருமணம் நடந்தது. மணப்பெண்ணிடம் எவரும் எதையும் சொல்லவில்லை. நண்பர் தன் மனைவியைப் பற்றி எப்போதும் மரியாதையுடன் மட்டுமே பேசுவார். அந்த அம்மாளுக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. அவர் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. கடிதங்களை எழுதிய அந்த இன்னொருவரைப் பற்றி நண்பருக்கு அதன்பின் எந்தத் தகவலும் இல்லை.

நிஜமான அரச குடும்பத்திலும் இதுவே நடந்திருக்கிறது. குஜராத்தின் ராஜ்பிப்லா வம்சத்து வாரிசு மான்வேந்திர சிங் கோஹில் 1991இல் ஜாபுவா அரச குடும்பத்துப் பெண்ணை மணந்தார். அடுத்த ஆண்டே அந்த மணம் முறிந்தது. 2006 மார்ச்சில் தன்னைப் பற்றி ஒரு குஜராத்தி நாளிதழில் வெளிப்படையாகப் பேசினார். ஊரில் அவர் உருவபொம்மையை எரித்தார்கள். அவருக்குச் சொத்தில் உரிமை இல்லை என்று குடும்பம் பத்திரிகையில் அறிவிப்பு வெளியிட்டது. இந்தியாவில் மன்னர் பட்டங்களும் மானியமும் 1971இலேயே ஒழிக்கப்பட்டுவிட்டன என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். நாடு இல்லை, அரியணை இல்லை, வாரிசு என்ற கவலை மட்டும் முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்தும் அப்படியே இருந்தது. கோஹில் பின்னர் நர்மதைக் கரையில் உள்ள தன் நிலத்தை, வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட தன்பாலீர்ப்பாளர்களுக்கும் திருநர்களுக்கும் புகலிடமாக்க முனைந்தார். நாவலின் ஹென்றியும் கடைசியில் இப்படிப்பட்ட இளைஞர்களுக்கான காப்பகங்கள் அமைக்கத் தன் செல்வத்தைச் செலவிடுகிறான்.

இனி, திட்ட வேண்டிய இடங்கள். மெக்விஸ்டனின் உலகில் நல்லவர்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள், அழகானவர்கள், பொழுதெல்லாம் நகைச்சுவையாகப் பேசுகிறவர்கள். அதிபரான தாய், இளவரசியான தாய், தனி விமானம், மெய்க்காவலர்கள் என்று காதலர்களுக்கு அமையாத பாதுகாப்பு எதுவும் இல்லை. அரண்மனையில் அரசியோடு வாதம் நடக்கும் காட்சியில், வெளியே ஆதரவாகத் திரண்ட கூட்டம் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. மக்கள் உண்மையை அறிந்துகொண்டால் அன்பு பாராட்டுவார்கள் என்ற நம்பிக்கை நாவல் முழுக்க ஓடுகிறது. ராஜ்பிப்லாவில் திரண்ட கூட்டம் வேறு காரியம் செய்தது. பிறப்பால் வரும் அதிகாரம் இருக்கலாமா என்ற கேள்வியைக் கதாபாத்திரங்கள் தொட்டுப் பார்க்கிறார்கள், பிறகு மெல்ல விலகிக்கொள்கிறார்கள். முடியாட்சி கொஞ்சம் கருணை காட்டினால் போதும் என்று கதை அமைதியடைகிறது. எனக்கு அமைதி வரவில்லை.

ஆனால் 'எல்லாம் நன்றாக முடிகிறது' என்பதை மட்டும் குறையாகச் சொல்ல என்னால் முடியாது. சோகமாக முடிந்தால் இலக்கியம், சுபமாக முடிந்தால் வணிகம் என்ற கணக்கு இந்த வகைக் கதைகளில் செல்லாது. இ.எம். ஃபார்ஸ்டர் 'மாரிஸ்' நாவலை 1913இலும் 1914இலுமாக எழுதினார். இரண்டு ஆண்கள் காதலித்துச் சேர்ந்து வாழப் போவதோடு அது முடிகிறது. சுப முடிவு தவிர்க்க முடியாதது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். காதலர்களில் ஒருவன் தூக்கில் தொங்கியிருந்தால் வெளியிடுவது எளிதாக இருந்திருக்கும் என்ற பொருளில் 1960இல் ஒரு பின்குறிப்பும் எழுதினார். நாவல் அச்சேறியது 1971இல், ஆசிரியர் இறந்த மறு ஆண்டு. மகிழ்ச்சியாக முடிந்த ஒரே குற்றத்துக்காக ஒரு புத்தகம் ஐம்பத்தேழு ஆண்டுகள் மேசை இழுப்பறையில் கிடந்தது. அந்த வரிசையில் வைத்துப் பார்க்கும்போது, பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி கடையில் காசு கொடுத்து வாங்கி, பேருந்தில் அமர்ந்து அட்டை தெரிய வாசிக்கக்கூடிய ஒரு சுப முடிவு அற்பமானதாகத் தெரியவில்லை.

புத்தகத்தை நண்பரிடம் கொடுத்தேன். ஆங்கில நாவல் வாசித்துப் பழக்கமில்லாதவர், ஒன்றரை மாதம் எடுத்துக்கொண்டார். திரும்ப வந்தபோது இளவரசனைப் பற்றியோ முத்தங்களைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. "ஏம்ப்பா, அந்த லெட்டரையெல்லாம் திருடி ஊருக்கே காட்டிட்டானுங்க, சரி. ஆனா ஒண்ணுகூட அழியலையே" என்றார். சற்றுக் கழித்து, "நம்ம காலத்துல ஒரு லெட்டருக்கு ஒரே காப்பிதான்" என்றார்.

நாவலின் பெரும் அவமானக் காட்சியாக நான் வாசித்த இடத்தை அவர் பெரும் அதிர்ஷ்டமாக வாசித்திருந்தார். விமர்சகர்கள் எவரும் அந்தக் கோணத்தில் வாசித்திருப்பார்கள் என்று நினைக்கவில்லை. அகம் புறமாவதன் கொடுமையைப் பற்றி இத்தனை பக்கம் யோசித்த எனக்கு, அகம் சாம்பலாவது அதைவிடக் கொடுமை என்பது அப்போதுதான் உறைத்தது. மைக்கேலாஞ்சலோவின் பேரன் மாற்றினார், ஹாமில்டனின் மகன் அடித்தார். மூலம் எங்கோ மிச்சம் இருந்ததால் பின்னால் வந்தவர்கள் மீட்க முடிந்தது. வெந்நீர் அடுப்பிலிருந்து மீட்பதற்கு எதுவும் இல்லை.

காலம் மாறவில்லை என்று சொல்ல முடியாது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து இந்தக் காதலை விடுவித்தது. 2023 அக்டோபரில் திருமண உரிமையைத் தர மறுத்தது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் ஓர் ஆட்கொணர்வு மனு வந்தது. இருபத்தைந்து வயதுப் பெண்ணைக் குடும்பம் பிடித்து வைத்திருப்பதாக அவளுடைய தோழி தொடுத்தது. அவள் தன் விருப்பப்படி போகலாம் என்று தீர்ப்பளித்த நீதிபதிகள், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி இல்லை என்றும், தானே தேர்ந்துகொள்ளும் குடும்பம் என்ற கருத்தைச் சட்டம் ஏற்கிறது என்றும் எழுதினார்கள். அரண்மனை இல்லை, அதிபர் மகன் இல்லை, வெளியே கொடிபிடித்த கூட்டமும் இல்லை. வீட்டைவிட்டு வெளியே வர இரண்டு பெண்களுக்கு உயர் நீதிமன்றம் தேவைப்பட்டிருக்கிறது.

இளைஞர்களுக்கான நாவல் என்று சொல்லி விற்கிறார்கள். இளைஞர்கள் எப்படியும் வாசித்துவிடுவார்கள். பெரியவர்களும் வாசிக்கலாம் என்பது என் பரிந்துரை. குறிப்பாக, பிள்ளைகள் வீட்டில் இல்லாத நேரத்தில் அவர்கள் பெட்டியைத் திறந்து பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள்.